யன்னலுக்கு ஏற்ற மரம்

ரொறன்ரோக் குளிரில் வீட்டுக்குள் போன்சாய் வைக்க விரும்புகிறவர்களுக்கு

எங்கள் வீட்டு வரவேற்பறையில் தெற்குப் பார்த்த யன்னல் ஒன்று இருக்கிறது. செப்டெம்பர் கடைசியிலிருந்து மே கடைசிவரை ஏழு சிறு மரங்கள் அதில்தான் குடியிருக்கின்றன. இவற்றுக்கு முன்பு அதே இடத்தில் நின்று செத்துப்போன மரங்கள் இவற்றைவிட அதிகம். அவற்றில் பெரும்பாலானவை தண்ணீர் இல்லாமலோ உரம் இல்லாமலோ சாகவில்லை. அந்த யன்னலுக்குப் பொருந்தாத மரங்களை ஆசைப்பட்டு வாங்கி வந்தேன், அதனால் செத்தன. கலியாண வீடுகளில், கோயிலில், "அண்ணை, வீட்டுக்குள்ள வைக்க எந்த மரம் வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "உங்கட யன்னல் எந்தப் பக்கம் பார்க்குது?"

எப்போதும் பச்சையாக நிற்கும் வெப்ப நாட்டு மரங்களைப் பற்றி மட்டுமே இங்கே எழுதுகிறேன். மேப்பிள், பைன் போன்ற குளிர்நாட்டு மரங்களுக்குப் பனிக்கால உறக்கம் வேண்டும். அவற்றின் கதை வேறு.

செய்ய வேண்டியவை

முதலில் யன்னலைப் பாருங்கள், பிறகு மரத்தை. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திசையின் அருமை இலகுவில் பிடிபடாது. அங்கே ஏப்ரலிலும் ஆகஸ்ட்டிலும் நண்பகல் வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் சற்று வடக்கே சாய்ந்தும் போகும். எந்தப் பக்கத்து யன்னலானாலும் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. ரொறன்ரோவோ ஏறத்தாழ 44 பாகை வடக்கே இருக்கிறது. டிசெம்பர் 21 நண்பகலில் இங்கே சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை மட்டுமே ஏறுகிறது. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் 57 பாகை. இங்கே பகல் ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. தென்கிழக்கில் எழும் சூரியன் தென்மேற்கில் விழுந்துவிடும். வடக்கு யன்னலில் நேர்வெயில் ஒரு நிமிடம்கூடப் படாது. தெற்கு யன்னலுக்கு மட்டும் ஒரு நன்மை உண்டு: சூரியன் தாழ்வாக வருவதால் வெயில் அறைக்குள் நீண்ட தூரம் நுழையும்.

வெளிச்சத்தை அளந்து பாருங்கள். கண்ணை நம்ப வேண்டாம். கைபேசியில் வெளிச்சம் அளக்கும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. துல்லியம் குறைவென்றாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். கோடை நண்பகலில் வெளியே ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். அறையின் நடுவில், நமக்கு நல்ல வெளிச்சமாகத் தெரியும் மேசையில், சில நூறு லக்ஸ் இருந்தாலே பெரிது. கண்மணி விரிந்து சுருங்கி நமக்கு எல்லாவற்றையும் ஒரே வெளிச்சமாகக் காட்டிவிடுகிறது. இலைக்கு அந்த வசதி இல்லை. யன்னலை விட்டு இரண்டு அடி தள்ளினாலே வெளிச்சம் பாதிக்குக் கீழே போய்விடுவதை நீங்களே அளந்து பார்க்கலாம். காப்பி மேசையின் நடுவில் அழகுக்காக வைத்த மரம் தைப்பொங்கல் வருமுன் இலை கொட்டத் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

ஆல் குடும்பத்திலிருந்து தொடங்குங்கள். முதல் மரம் என்றால் வேறு யோசனையே வேண்டாம். கடைகளில் 'ஃபைக்கஸ்' என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஆல், அரசு, அத்தி, இத்தியின் உறவுகள். கோயில் கோபுரத்து வெடிப்பில் பறவை எச்சத்திலிருந்து முளைத்து நிற்கும் ஆலங்கன்றை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்கு அங்கே இருப்பது ஒரு பிடி தூசு, எப்போதாவது பெய்யும் மழை, வேர் நுழைய ஒரு விரற்கடை இடம். காட்டிலும் இவற்றில் பல வேறொரு மரத்தின் கிளைக் கவட்டில், நிழலில்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. இடம் குறைவு, மண் குறைவு, வெளிச்சம் குறைவு, ஒருநாள் ஈரம் மறுநாள் வறட்சி என்பதெல்லாம் அதற்குப் பிறவிப் பழக்கம். தட்டையான போன்சாய்ச் சட்டி அந்த மரத்துக்குப் பெரிய தண்டனை அல்ல. வெட்டினால் பழைய மரப்பகுதியிலிருந்தும் துளிர்க்கும். காயம் ஆறும். தொட்டுக்கொண்டு நிற்கும் இரண்டு வேர்கள் காலப்போக்கில் ஒன்றாய் ஒட்டிக்கொள்ளும்.

இவற்றில் கல்லிச்சிக்குத்தான் என் முதல் வாக்கு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் மரம் அது. தாய்வான், சீனாவரை பரவியிருக்கிறது. கடையில் 'மைக்ரோகார்பா' என்று கேளுங்கள். பலர் இன்னும் 'ரெற்றூசா' என்றே எழுதி வைத்திருப்பார்கள். 'டைகர் பார்க்' என்பது புள்ளிபோட்ட பட்டையுள்ள வகை. 'கிரீன் ஐலண்ட்' வகைக்குத் தடித்த, வட்டமான இலை. வறண்ட காற்றை அது நன்றாகத் தாங்குகிறது. பெரிய கடைகளில் அதிகம் கிடைப்பது 'ஜின்செங்'. கிழங்குபோல் பருத்த வேரின் மேல் வேறொரு வகையின் கிளைகளை ஒட்டுக்கட்டியிருப்பார்கள். விலை மலிவு, எளிதில் சாகாது. கத்தரிக்கப் பழக நல்லது. ஆனால் அந்தப் பருத்த வேர் எத்தனை வருடம் போனாலும் ஒரு மரத்தின் அடியாகத் தெரியாது. கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், அடி விரிந்து நிலத்தைப் பிடித்து நிற்கும் சாதாரணக் கல்லிச்சி ஒன்றைத் தேடி வாங்குங்கள்.

இலை சிறிதாக வேண்டுமென்றால் வில்லோ இலை ஃபைக்கஸ். புளோரிடா நாற்றுப்பண்ணைகளிலிருந்து பரவிய மரம் இது. அரளி இலையைச் சுருக்கியதுபோல் ஒடுங்கிய இலை. ஒரு அடி உயரத்திலேயே முதிர்ந்த மரத்தின் தோற்றம் வந்துவிடும். என்னிடம் இருக்கும் ஏழில் நான் அதிகம் நேசிப்பது இதைத்தான். இதற்குக் கல்லிச்சியைவிட வெளிச்சம் கூடுதலாகத் தேவை.

கடும் குளிர் ஊரிலும் இந்தக் குடும்பத்தை நம்பலாம் என்பதற்குச் சாட்சி உண்டு. அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் வாழ்ந்த ஜெரி மைஸ்லிக் விளக்கு வெளிச்சத்தில் ஃபைக்கஸ் போன்சாய்களை வளர்த்து, அவற்றுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். மொன்ரானாக் குளிர் நம்முடையதுக்குக் குறைந்ததல்ல.

வெளிச்சம் குறைந்த அடுக்குமாடி வீடென்றால் ஷெஃப்லெராவை எடுங்கள். கைவிரல் விரித்ததுபோல் இலை உள்ள சிறு குடைமரம். தாய்வானைச் சேர்ந்தது. கிழக்கு யன்னல் போதும். கம்பி கட்டி வளைக்க இணங்காது, நுண்கிளையும் அதிகம் வைக்காது. ஆனால் வெட்டிவெட்டி அடக்கினால் விழுதோடு நிற்கும் ஆலமரத்தின் சாயல் வரும். ஈரக்காற்று கிடைத்தால் விழுதும் விடும்.

வெயில் நிறைய, ஈரம் குறைவு என்றால் யானைத்தீனிச் செடி. தென்னாபிரிக்காவில் யானைகள் விரும்பித் தின்னும் 'போர்ச்சுலக்காரியா'வைத்தான் சொல்கிறேன். தடித்த இலைக்குள் தண்ணீரைச் சேமித்துவைப்பதால் ஹீற்றர் காற்று அதை ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தாலும் உங்களுக்காகக் காத்திருக்கும். தெற்கு யன்னல் கட்டாயம். மண் முற்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர்.

கறிவேப்பிலையை வைத்து வீட்டைச் சோதியுங்கள். இங்கே பல தமிழ் வீடுகளில் பூச்சாடிக் கறிவேப்பிலை ஒன்று இருக்கும். மாசி மாதத்தில் அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். இலையோடு, நுனியில் புதுத் தளிரோடு நின்றால் உங்கள் யன்னல் நல்ல யன்னல். அதன் நெருங்கிய உறவான காட்டுக் கறிவேப்பிலையைத் துணிந்து வாங்கலாம். கடையில் 'ஒரேஞ் ஜாஸ்மின்' என்பார்கள். பளபளக்கும் சிற்றிலை, மணக்கும் வெள்ளைப் பூ, வெளிறிய வழுவழுப்பான அடிமரம். மெதுவாக வளரும், அழகு அபாரம். கறிவேப்பிலை குச்சியாக நிற்கும் வீட்டில் இதுவும் அப்படித்தான் நிற்கும். அங்கே ஆல் குடும்பத்தோடு நின்றுகொள்ளுங்கள்.

யூனில் வாங்குங்கள். டிசெம்பரில் வாங்கும் மரம் ஏற்கெனவே கண்ணாடி வீட்டிலிருந்து பாரவண்டிக்கும், பாரவண்டியிலிருந்து கடை மூலைக்கும் மாறிக் களைத்துப்போயிருக்கும். அடுத்ததாக உங்கள் வீட்டு இருட்டு. யூனில் வாங்கினால் மூன்று மாதம் வெளியே வெயிலில் நின்று பலம் சேர்க்கும். அந்தப் பலத்தில்தான் அது குளிர்காலத்தைக் கடக்கிறது. குளிர்காலத்தில் வாங்கியே ஆகவேண்டுமென்றால், கடை வாசலிலிருந்து கார் வரைக்கும் போகும் அந்த ஒரு நிமிடத்துக்கும் மரத்தை முழுதாகச் சுற்றிக் கட்டுங்கள், காரை முன்கூட்டியே சூடாக்கி வையுங்கள். மறை பதினைந்து பாகைக் காற்றில் வெப்ப நாட்டு இலைக்கு ஒரு சில நிமிடம் போதும், கருகிவிடும்.

கடையில் கையால் தொட்டுப் பாருங்கள். அடியை மெல்ல அசைத்தால் மரம் ஆடக்கூடாது. மேலே பரப்பிய கற்கள் பசையால் ஒட்டப்பட்டிருந்தால் வீட்டுக்கு வந்ததும் பெயர்த்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உள்ளே போகாது. சட்டியின் அடியில் துளை இருக்கிறதா? இலையின் பின்பக்கத்தில், காம்புக் கவட்டில் வெள்ளைப் பஞ்சுபோல் மாவுப்பூச்சி, பழுப்பு மருபோல் செதில்பூச்சி இருக்கிறதா? ஒன்றைக் கண்டாலும் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். அந்தத் தட்டில் உள்ள மற்ற மரங்களையும் விட்டுவிடுங்கள்.

ஹீற்றர் போடத் தொடங்கும் முன் உள்ளே எடுங்கள். இரவு வெப்பநிலை 12 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் நேரம் வந்துவிட்டது. இங்கே அது பெரும்பாலும் செப்டெம்பர் பிற்பகுதி. யன்னல்கள் திறந்திருக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களில் மரம் வீட்டு வெளிச்சத்துக்குப் பழகட்டும். வறண்ட காற்று அதற்குப் பிறகு வரட்டும். இரண்டு இடியும் ஒரே வாரத்தில் விழக்கூடாது. உள்ளே எடுக்குமுன் இலைகளின் இரு பக்கத்தையும் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

யன்னல் போதாவிட்டால் விளக்கு வாங்குங்கள். வெள்ளை நிற எல்.ஈ.டி வளர்ப்பு விளக்கு, இலைக்கு மேல் ஒரு அடி உயரத்தில், நாளுக்கு 14 மணித்தியாலம். நேரம் பார்த்துத் தானே அணையும் செருகி ஒன்றும் தேவை. நல்ல விளக்கு இருந்தால் பேஸ்மென்ற்கூடத் தோட்டமாகும். இரண்டாவது மரம் வாங்க வைத்திருக்கும் காசில் முதல் மரத்துக்கு விளக்கு வாங்கச் சொல்வேன்.

செய்யக்கூடாதவை

ஜூனிப்பரை 'வீட்டுக்குள் வளரும் போன்சாய்' என்று நம்பி வாங்காதீர்கள். நத்தார்க் காலத்தில் கடைத்தெருக்களில் அழகான சட்டியில், சிறு மண்பொம்மையோடு விற்கிறார்கள். அதுவும் எப்போதும் பச்சைதான். ஆனால் குளிர்நாட்டுப் பச்சை. பனிக்கால உறக்கம் இல்லாமல் சூடான அறையில் அதால் வாழ முடியாது. இதில் உள்ள கொடுமை என்னவென்றால், செத்த பிறகும் பல வாரம் பச்சையாகவே நிற்கும். நான் இந்த நாட்டில் வாங்கிய முதல் போன்சாய் இதுதான். மார்ச் வரை ஒவ்வொரு காலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். ஏப்ரலில் பழுத்தபோது, அது எப்போதோ போய்விட்டதென்று எனக்கு ஒருவர் சொன்னார். வேலை முடிந்து வந்து நான் பேசிக்கொண்டிருந்த மரம் அது. அந்த வருத்தம் இன்னொருவருக்கு வர வேண்டாம் என்பதாலேயே இதை முதலில் சொல்கிறேன்.

ஊர் மரம் என்ற பாசத்துக்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உண்மையான ஆலின் இலை உள்ளங்கையைவிடப் பெரிது. எவ்வளவு சுருக்கினாலும் சிறு சட்டியில் இலைதான் தெரியும், மரம் தெரியாது. அரசுக்கு நீண்ட காம்பு, அகன்ற இலை, கூடவே இலை உதிர்க்கும் குணம். புளி நல்ல போன்சாய் மரம். இரவில் சிற்றிலைகளை மூடித் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அது வெயில்காட்டு மரம். விளக்கு இல்லாமல் இங்கே கொண்டுபோக முடியாது. வேம்பும் அப்படித்தான். நமது வறண்ட புதர்க்காடுகளில் குரங்கு வெற்றிலை என்று சொல்லும் செடி உலகமெங்கும் 'ஃபூக்கியன் ரீ' என்ற பெயரில் போன்சாயாக விற்கிறது. மினுங்கும் கரும்பச்சைச் சிற்றிலை, சின்ன வெள்ளைப் பூ, சிவந்த பழம். பார்த்தவுடன் கை நீளும். ஆனால் குளிர்காற்று, இடமாற்றம், வறட்சி, ஈரமிகுதி எதையும் பொறுக்காது. வெள்ளை ஈயும் அசுவுணியும் தேடி வரும். ஆல் குடும்பத்து மரம் ஒன்றை மூன்று குளிர்காலம் காப்பாற்றிய பிறகு இதைத் தொடுங்கள்.

பெட்டிக்குள் செடி கொண்டு வராதீர்கள். ஊர் வீட்டுக் கிணற்றடியில் நின்ற மரத்தின் கன்று என்றால் மனம் கேட்காது, தெரியும். ஆனாலும் இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ மண்ணோடு செடி கொண்டுவரக் கனடாவில் அனுமதியில்லை. மண் கழுவிய செடிக்கும் இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். இது வீண் கெடுபிடி அல்ல. கறிவேப்பிலையிலும் காட்டுக் கறிவேப்பிலையிலும் வாழும் ஒரு சிறு பூச்சிதான் தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்புகிறது. 2005இல் புளோரிடாவில் அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அங்கே தோடைத் தோட்டங்கள் பட்ட பாடு சிறிதல்ல.

வெப்பக் காற்றுத் துளைக்கு மேல் வைக்காதீர்கள். இங்கே கட்டிய வீடுகளில் பெரும்பாலும் அந்தத் துளை யன்னலுக்கு நேர் கீழேதான் இருக்கும். அதாவது மரம் வைக்க நல்ல இடமும் மரத்தைக் கொல்லும் இடமும் ஒன்று. பத்து டொலருக்குக் கிடைக்கும் காற்றுத் திருப்பியைப் பொருத்திக் காற்றை அறைப்பக்கம் விடுங்கள். அதேநேரம் இலை குளிர்ந்த கண்ணாடியில் படாமல் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும்.

தண்ணீர் தெளிப்பதால் காற்று ஈரமாகும் என்று எண்ணாதீர்கள். வெளியே மறை பத்தில் இருக்கும் காற்றில் நீராவி மிகக் குறைவு. அதை உள்ளே எடுத்து 21 பாகைக்குச் சூடாக்கும்போது அறை பாலைவனமாகிறது. தெளித்த துளி சில நிமிடத்தில் போய்விடும். கூழாங்கல் தட்டும் சிறிதளவே உதவும். மரங்களை நெருக்கி வையுங்கள், முடிந்தால் ஈரமூட்டி ஒன்று வையுங்கள். காற்றில் 40 சதவீத ஈரப்பதம் போதும். அதற்கு மேல் போனால் யன்னல் கண்ணாடி வியர்த்து வழிந்து மரச்சட்டம் உக்கும்.

நாள் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரமென்றால் விடுங்கள். காய்ந்திருந்தால் அடித்துளையால் வழியும்வரை ஊற்றுங்கள். குளிர்காலத்தில் வீட்டுக்குள் செத்த ஃபைக்கஸ்களில் நான் பிடுங்கிப் பார்த்தவை அனேகமாக வேரழுகியவையே.

குளிர்காலத்தில் வேரை வெட்டாதீர்கள், சட்டி மாற்றாதீர்கள், இலை உரிக்காதீர்கள். எல்லாம் யூனில்.

குழந்தைகளும் பூனையும் உள்ள வீட்டில் யோசிக்காமல் வாங்காதீர்கள். ஃபைக்கஸ் பால் தோலில் அரிப்புத் தரும், கண்ணில் படக்கூடாது. ஃபைக்கஸோ ஷெஃப்லெராவோ, இலையைக் கடித்தால் பூனைக்கு வாய் புண்ணாகும், வாந்தி எடுக்கும். அப்படியான வீட்டுக்கு யானைத்தீனிச் செடியே நல்லது.

புத்தகப் படத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசியப் போன்சாய் அருங்காட்சியகத்தில் வெப்ப நாட்டு மரங்களுக்கெனத் தனிக் கண்ணாடி வீடே இருக்கிறது. அது ஹவாயின் போன்சாய் முன்னோடி ஹரூவோ கனேஷிரோவின் பெயரைத் தாங்கியது. நாம் படத்தில் காணும் தொங்கு விழுதுகள் அப்படியான ஈரத்தில் வந்தவை. நம் வரவேற்பறையில் அவற்றை எதிர்பார்த்து மரத்தைக் குறை சொல்லக்கூடாது. ஜனவரியில் ஒருநாள் நகர மத்தியிலுள்ள அலன் கார்டன்ஸுக்குப் போய் வாருங்கள். 1910இல் கட்டிய பனைக் கண்ணாடி மண்டபம் அங்கே இருக்கிறது, அனுமதி இலவசம். வாசலைத் தாண்டும்போது மூக்கில் படும் அந்த வெதுவெதுப்பான ஈரம்தான் இந்த மரங்கள் கேட்பது. வீட்டுக்குத் திரும்பி உங்கள் அறைக் காற்றை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.

மாசியில் மொட்டையாக நிற்கும் மரத்தைத் தூக்கி எறியாதீர்கள். அடிமரத்தில் நகத்தால் மெல்லக் கீறுங்கள். பச்சை தெரிந்தால், அல்லது ஃபைக்கஸ் என்றால் பால் துளிர்த்தால், உயிர் இருக்கிறது. இலை இல்லாத மரம் தண்ணீரைக் குடிக்காது. ஆகவே ஊற்றுவதைக் குறையுங்கள், உரத்தை நிறுத்துங்கள், வெளிச்சத்தைக் கூட்டுங்கள். என் வில்லோ இலை ஃபைக்கஸ் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு இலை மிச்சமில்லாமல் கொட்டியது. பங்குனி நடுவில், அடியிலிருந்து மூன்று விரல் உயரத்தில், பழைய பட்டையைப் பிளந்துகொண்டு சிவந்த மொட்டு ஒன்று வந்தது. இன்று அந்த மரத்தின் முதல் கிளை அதுதான்.